பூங்காவனத்துக்கு வந்த டிரங்க் கால்

கொடைக்கானல் குளிரும் என்று மலேசியாவில், எங்கள் ஈப்போவில், எல்லோரும் எச்சரித்தார்கள். கம்பளிச் சட்டை, கம்பளிக் காலுறை, தைலம் என்று ஆளுக்கொன்று கொடுத்து அனுப்பினார்கள். கொடைக்கானலுக்குப் போகும் வழியில் ஓட்டுநரின் மாமனார் வீட்டில் அரிசி மூட்டை இறக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

"ஒரு சின்ன சோலிங்க. பெரும்பாறையில மூட்டையப் போட்டுட்டு வெரசாப் போயிரலாம்" என்றார் வேன் ஓட்டுநர் கருப்பையா. திண்டுக்கல் ரயில் நிலையத்தில் என்னை ஏற்றியதிலிருந்து அவர் வாயைத் திறந்தது அப்போதுதான். சின்ன சோலி என்பது எவ்வளவு பெரியது என்று அன்று தெரிந்துகொண்டேன். மூட்டையை இறக்கினார். மாமனாரோடு மிளகு விலை பேசினார். மச்சானின் பைக்கைத் தள்ளிவிட்டார். அவருடைய மாமியார் எனக்கு ஒரு பெரிய டம்ளர் நிறையக் காப்பி கொடுத்து, மடியில் நாலைந்து ஆரஞ்சுப் பழங்களையும் போட்டார். காப்பி அருமையாக இருந்தது. கோபமாக இருக்கும்போது நல்ல காப்பி கிடைப்பது ஒரு தொந்தரவு. கோபத்தை அப்படியே வைத்துக்கொள்ள முடிவதில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பாதி ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தது. மழையில் குடை பிடித்தபடி நான் நிற்க, கருப்பையா ஓடைத் தண்ணீர் எடுக்கப் போனார். எங்கள் ஊரில் கேமரன் மலைக்குப் போகிற டாக்சிகளும் இப்படிக் கொதிப்பதுண்டு. ஆனால் அவை முதலில் மாமனார் வீட்டுக்குப் போவதில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஈப்போ நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளர். சாட்சிக் கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை நீதிபதிக்கு அப்படியே சொல்ல வேண்டும். ஒரு சொல் கூட்டவும் கூடாது, ஒரு சொல் குறைக்கவும் கூடாது. அந்த மனிதர் திக்கினால் அவர் திக்கினார் என்று சொல்ல வேண்டும், நாமாக முடித்துக் கொடுக்கக் கூடாது. இத்தனை வருடம் அதைச் செய்து என் குணமே அப்படி ஆகிவிட்டது என்று என் தங்கை சொல்வாள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், எங்கள் பக்கத்துச் சங்கம் ஒன்று என்னைக் கொடைக்கானலுக்கு அனுப்பியது. அங்கே ஒரு கருத்தரங்கு. தலைப்பு: கணிப்பொறி யுகத்தில் மனித உரிமைகள். மதராஸில் மொழிபெயர்ப்பாளருக்கு என்ன பஞ்சம் என்று கேட்டேன். பதில் வரவில்லை, டிக்கெட்தான் வந்தது.

கருத்தரங்கு நடந்த விடுதி, மிஷன்காரர்கள் ஒரு காலத்தில் கோடைக்குத் தங்கக் கட்டிய கல் கட்டடம். நாயுடுபுரத்துக்கு மேலே, மரங்களுக்கு நடுவில். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அவித்த முட்டைக்கோஸ், அவித்த உருளைக்கிழங்கு, அவித்த பீன்ஸ், அவற்றின் மேல் மாவுக் கஞ்சி போல ஒரு வெள்ளைச் சாறு. வெளிநாட்டுப் பிரதிநிதிகளுக்குக் காரம் ஆகாது என்று விடுதியின் வார்டன் விளக்கினார். அந்த வெளிநாட்டுப் பிரதிநிதிகள் ஊறுகாய்ப் பாட்டிலை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

பொறுக்க முடியாமல் நான் சமையலறைக்குப் போய், மிளகாய்ப் பொடி கிடைக்குமா என்று கேட்டேன். அடுப்பருகில் நின்றிருந்த பெண் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, இடுப்பில் சணல் சாக்கை ஏப்ரனாகக் கட்டியிருந்தாள்.

"டீச்சர் எந்த ஊருங்க?" என்றாள். கண்ணாடி போட்ட பெண்கள் எல்லோரும் அங்கே டீச்சர்தான்.

"மலேசியா. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். நான் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள்."

"லயமா! ஐயோ, இந்தப் பேரை இங்க ஒருத்தரும் சொல்ல மாட்டாங்களே!" என்று அவள் சிரித்தாள். "எங்களுக்குச் சிலோன்ல அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டம். இங்க கண்டிக்காரின்னு சொல்றாங்க. கண்டிய நான் பாத்ததுகூட இல்ல."

அவள் பெயர் பூங்காவனம். தேங்காய்ப் பூ போட்டுத் தட்டிய ரொட்டியும், காய்ந்த மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச் சம்பலும் தனக்கென்று மூடி வைத்திருந்தாள். பாதியை எனக்கு வைத்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டேன். அந்தப் பயணத்தில் என் கோபம் முழுதாக இறங்கியது அந்த ஒரு வேளைதான்.

மறுநாள் காலையில் கருத்தரங்கு தொடங்கியது. தலைமை வகித்தவர் டெல்லிப் பேராசிரியர் ஒருவர். மஃப்ளரைக் கழுத்தில் சுற்றாமல் தோளில் தொங்கவிட்டு, அது நழுவும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி எடுத்துப் போடுகிறவர். அவர் ஆங்கிலத்தில் பேசியதைக் கிராமங்களிலிருந்து வந்திருந்த ஊழியர்களுக்கு நான் தமிழில் சொன்னேன். இனிமேல் ஒவ்வொரு மனிதரைப் பற்றியும் கணிப்பொறி எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருக்கும் என்றார். யார் யாரோடு பேசினார்கள், என்ன பேசினார்கள் என்பதை நாம் பார்த்தே இராத ஒருவர் எங்கோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார் என்றார். நம்மைக் கேட்காமலே நம் சார்பில் முடிவு எடுக்கப்படும் என்றார். எல்லாம் பயங்கரமாக இருந்தது. முன் வரிசையில் ஒருவர் கணிப்பொறி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேட்டார். பேராசிரியர் கையை விரித்துக் காட்டினார். அவரும் நேரில் பார்த்ததில்லை என்று எனக்குத் தோன்றியது.

இடைவேளையில் தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று அலுவலக அறைக்குப் போனேன். விடுதி முழுமைக்கும் இருந்தது அந்த ஒரே தொலைபேசி. எங்கள் ஊரில் சந்தைக்கு வெளியே நாணயம் போடுகிற பெட்டி இருக்கிறது. காசைப் போட்டு எண்ணைச் சுழற்றினால் பேசலாம். இங்கே எடுத்தால் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டரின் குரல்தான் வரும். வெளியூருக்கு டிரங்க் கால் என்று அவரிடம் சொல்லிப் பதிவு செய்துவிட்டு, அவர் திரும்பக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். அதிலும் ஆர்டினரி, அர்ஜன்ட், லைட்னிங் என்று படிகள். அதிகம் கொடுக்கிறவர் முதலில் பேசுவார். மற்றவர் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார். பேராசிரியர் எப்போதும் லைட்னிங்தான் போட்டார்.

நான் ரிசீவரை எடுத்ததும், "நம்பர் ப்ளீஸ்" என்றது ஒரு ஆண் குரல். நான் வாயைத் திறந்தேன், உடனே, "மேடம், நீங்க அந்த மலேசியா டீச்சர்தானே? நேத்து ராத்திரி சாப்பாடு புடிக்கலியாமே?" என்றது.

"யார் சொன்னது?"

"வார்டன் பஜார்ல பாய் கடைக்குப் போன் போட்டு மொளகாப்பொடி கேட்டாருல்ல. காரணம் சொன்னாரு. என் பேரு லூர்துசாமி மேடம். எது வேணும்னாலும் கேளுங்க. இந்த ஊர்ல எனக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது."

பெருமையாகத்தான் சொன்னார். டாக்டரைத் தேடி அழைப்பு வந்தால், அவர் வீட்டில் இல்லையென்று தெரிந்து நேரே கிளப்புக்குப் போட்டுக் கொடுப்பாராம். காய்கறி லாரி வத்தலக்குண்டில் பழுதாகி நின்றால், முதலாளி கேட்கும் முன்பே கடைக்காரர்களுக்குச் சொல்லிவிடுவாராம். "நான் இல்லாட்டி இங்க பாதிக் கல்யாணம் நடந்திருக்காது மேடம்" என்றார். அடுத்தவர் பேச்சைக் கேட்பது குற்றம் இல்லையா என்றேன். "கேக்கலைன்னா எப்பிடி மேடம் ஹெல்ப் பண்றது?" என்று அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே மண்டபத்தில் வரப்போகிற ஆபத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் மொழிபெயர்த்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த ஆபத்து வந்து, வேலையில் நிரந்தரமாகி, இங்கே ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

என் ஈப்போ அழைப்பு அன்று கிடைக்கவே இல்லை.

சாயங்காலம் பாத்திரம் கழுவும் தொட்டியருகில் பூங்காவனம் என்னை நிறுத்தினாள். "டீச்சர், நாளைக்குப் பகல்ல அந்தப் போன் சும்மா இருக்குமா?" என்றாள். ஏன் என்று கேட்டதும் எல்லாவற்றையும் சொன்னாள்.

இலங்கையும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தப்படி அவளுக்கும் அவள் கணவனுக்கும் இந்தியா என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். மகள் ராசாத்தியைக் கட்டியவனுக்கு இந்தியக் குடியுரிமை விண்ணப்பம் இழுத்துக்கொண்டே போனதால் அவள் அங்கேயே தங்கிவிட்டாள். வந்த இடத்தில் பூங்காவனத்துக்குக் கிடைத்தது சவுக்குமரப் பட்டை உரிக்கிற வேலை. கொடைக்கானலுக்குப் பின்னால் காட்டுக்குள்ளே கூடாரம். ஒப்பந்தக்காரனின் ஆட்கள் வழியில் காவல் இருந்தார்கள். சந்தைக்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டும். கணவன் காய்ச்சலில் படுத்தபோது அவனைத் தூக்கிக்கொண்டு இறங்க விடவில்லை. அவன் அங்கேயே இறந்துபோனான். பிறகு யாரோ வழக்குப் போட்டு, அதிகாரிகள் வந்து கூடாரத்தைக் கலைத்தார்கள். அதற்கப்புறம்தான் இந்தச் சமையல் வேலை.

இப்போது மருமகனுக்குக் காகிதம் வந்துவிட்டது. இனக் கலவரத்தில் பக்கத்துத் தோட்டத்து லயத்தை எரித்த பிறகு அங்கே இருக்கப் பயம். ஆனால் இந்தியாவுக்குப் போகப் பெயர் கொடுத்துவிட்டால் லயத்து வீட்டையும் வேலையையும் விட்டுவிட வேண்டும். பிறகு மனம் மாறினாலும் திரும்ப முடியாது. நாளை மறுநாள் பெயர் கொடுக்கக் கடைசி நாள். நாளை ராசாத்தி அட்டனில் ஒரு கடைக்கு வந்து பேசுவாள். அம்மா என்ன சொல்கிறாளோ அப்படியே செய்வதாக மருமகன் சொல்லியிருக்கிறான்.

"என்ன சொல்லப் போறீங்க?" என்றேன்.

"போன தடவ பேசுறப்ப அழுதுட்டு வா வான்னுட்டேன். அப்புறம் யோசிச்சா, இங்க வந்து நான் பட்டதெல்லாம் அவளும் படணுமான்னு இருக்கு. வராதேன்னு சொல்லவும் பயமா இருக்கு. அங்க வெட்டிப் போட்டா?" அவள் கையிலிருந்த தட்டை ஏற்கெனவே கழுவியிருந்தும் மறுபடியும் கழுவினாள். "எனக்கு வெளங்கல டீச்சர். நாளைக்கு அவ குரலக் கேக்கணும். குரலக் கேட்டாத் தெரிஞ்சுரும், நெசமாப் பயப்படுறாளா, இல்ல புருசன் சொல்றான்னு பேசுறாளான்னு. பெத்தவளுக்குத் தெரியாதா?"

பகலில் அந்தத் தொலைபேசியை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதாக நான் வாக்குக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே இருந்த மரம் காணாமல் போயிருந்தது. அப்படி ஒரு பனிமூட்டம். காலை உணவுக்கு ஓட்ஸ் கஞ்சி. நான் வார்டனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேராசிரியரிடம் சொன்னார். பேராசிரியர், "கட்டாயம், கட்டாயம், அது அந்தப் பெண்ணின் அடிப்படை உரிமை" என்று ஆங்கிலத்தில் உருகினார். மஃப்ளர் நழுவியது.

பகலில் பூங்காவனம் அடுப்பை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு அலுவலக அறை வாசலில் வந்து நின்றாள். அவள் உள்ளே போக வழியில்லை. உள்ளே பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து, கருத்தரங்கின் அறிக்கையை டெல்லிப் பத்திரிகை ஒன்றுக்குத் தொலைபேசியில் படித்துக்கொண்டிருந்தார். லைட்னிங் கால். கேட்கவில்லை என்று அந்தப் பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை கத்தினார்.

"ஒவ்வொரு மனிதருக்கும், யாரும் ஒட்டுக்கேட்காமல் தம் சொந்தக் குரலில் பேச உரிமை உண்டு. ஆம். சொந்தக் குரலில். குரல். கு-ர-ல்!"

நான் கையைக் காட்டினேன். விரலைத் தூக்கி ஒரு நிமிடம் என்றார். கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். தலையாட்டினார். பிறகு நான் அவர் மேசைக்குப் போய், இந்தப் பெண்ணுக்கு அழைப்பு வருகிற நேரம் என்று காதருகே சொன்னேன். ரிசீவரைக் கையால் பொத்தி, "அம்மா, இந்த அறிக்கையே இவர்களுக்காகத்தானே!" என்றார். அதைப் பூங்காவனத்துக்கு மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. என் தொழிலில் நான் மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம் அது ஒன்றுதான்.

ஒருவழியாக அறிக்கை முடிந்து அவர் வைத்ததும் தொலைபேசி அலறியது. நான் பாய்ந்து எடுத்தேன்.

"மேடம், லூர்துசாமி பேசுறேன். பூங்காவனத்தக்காகிட்டச் சொல்லிருங்க, கவலைப்பட வேணாம். அட்டன் கால் வந்துச்சு. உங்க லைன்ல லைட்னிங் போய்க்கிட்டிருந்துச்சு, வெட்ட முடியாது. அட்டன் கால கட் பண்ணிட்டா அந்தப் புள்ள பாவம், எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கும்? அதான் நானே பேசிட்டேன்."

"நீங்களே என்ன பேசினீர்கள்?"

"அம்மா வரச் சொல்லிருச்சுன்னு சொல்லிட்டேன். எனக்குத் தெரியாதா மேடம்? போன தடவ அக்கா அழுதத நான்தான கேட்டேன்? சரி அண்ணே, நாளைக்குப் பேர் கொடுத்துர்றோம்னு சொல்லுச்சு."

அந்தக் குரலில் அத்தனை கனிவு. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி. சாட்சி வாயைத் திறக்கும் முன் சாட்சியத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, கைதட்டலுக்குக் காத்திருக்கிறார் இந்த மனிதர்! நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வார்டன் ஓடி வந்தார் என்பது நினைவிருக்கிறது.

பூங்காவனத்திடம் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவள் அழவில்லை.

"நான் இன்னும் சொல்லவே இல்லியே, டீச்சர்" என்றாள். "நான் ஒண்ணுமே சொல்லலியே."

ராசாத்தி எப்போது தோட்டத்துக்குத் திரும்புவாள் என்று கேட்டேன். சாயங்கால பஸ் வரும்வரை அந்தக் கடையில்தான் இருப்பாள் என்றாள். இங்கிருந்தே கூப்பிடலாம் என்று நான் ரிசீவரை எடுக்கப் போனேன். பூங்காவனம் தடுத்தாள். இடுப்புச் சாக்கை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். "அவரு மூஞ்சியப் பாத்துப் பேசணும்" என்றாள்.

மதியக் கூட்டத்துக்கு மணி அடித்தார்கள். பேராசிரியர் என்னைத் தேடினார். மொழிபெயர்ப்பு இல்லாமல் நடத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

வேன் இல்லை. கருப்பையா எங்கே என்றால், பள்ளங்கிக்குப் பூண்டு வாங்கப் போயிருக்கிறாராம். பனியில் ரோட்டோரமாக நடந்தோம். நாயுடுபுரம் வருவதற்குள் பின்னாலிருந்து ஹாரன் சத்தம். கருப்பையாதான். வேனுக்குள் இருக்கையெல்லாம் பூண்டு மூட்டைகள். மூட்டைகள் மேலேயே ஏறி உட்கார்ந்தோம். கொஞ்ச தூரம் போனதும் வேகம் குறைந்தது.

"ஒரு சின்ன சோலிங்க, இந்த வீட்டுல ஒரு மூட்டைய..."

"கருப்பையா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் வேனைத் திருப்பாமல் நேரே விட்டார். அதன்பிறகு ஊரை விட்டுப் போகும்வரை என்னிடம் அவர் சோலி என்ற சொல்லையே எடுக்கவில்லை.

தபால் அலுவலகத்தின் பக்கவாட்டில் எக்ஸ்சேஞ்ச். பொதுமக்கள் பேசக் கண்ணாடிக் கதவு வைத்த மரக் கூண்டு ஒன்று. அதற்கு எதிரே ஒரு அறையில், செருகு கயிறுகள் தொங்கும் பலகைக்கு முன்னால் லூர்துசாமி. நான் மனத்தில் வைத்திருந்த உருவமே வேறு. வழுக்கைத் தலை, வீட்டில் பின்னிய நீலச் சட்டை, மேசையில் சிலுவையும் ஒரு டப்பா மிக்சரும். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார்.

"அக்கா! நீங்க ஏன்க்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? நான்தான் சொல்லிட்டேனே!"

நான் பேச ஆரம்பித்தேன். பூங்காவனம் என் கையைப் பிடித்தாள்.

"தம்பி, நீங்க நல்லவருதான். இத்தன மாசமா எம் மகளோட கால் வந்தா எனக்குச் சொல்லி அனுப்புறீங்க. ஆனா, அவகிட்ட வான்னு சொல்லச் சொல்லி நான் சொன்னேனா?"

"நீங்க அழுதீங்களேக்கா..."

"அழுதேன். அது அன்னிக்கு. நீங்க கேட்டது அந்த அழுகைய மட்டுந்தான். அதுக்கப்புறம் நான் பட்ட யோசனை உங்க போன்ல கேக்குமா?"

லூர்துசாமி உட்கார்ந்துவிட்டார். பிறகு கயிறு ஒன்றை எடுத்துச் செருகி, மதுரையைக் கூப்பிட்டார். அவர்கள் மதராஸைப் பிடிக்க வேண்டும், மதராஸ் கொழும்பைப் பிடிக்க வேண்டும். லைட்னிங்கைவிட வேகமாகக் கேட்டார். மதுரை ஆபரேட்டரிடம் கெஞ்சினார், மதராஸ் ஆபரேட்டருக்கு அவருடைய மகளின் படிப்பை நினைவுபடுத்தினார். அந்த மகளின் படிப்பும் இவருக்குத் தெரிந்திருந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்து, வெளியே மங்குகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டனில் அந்த பஸ் தாமதமாக வர வேண்டும் என்று வேண்டினேன். வாழ்க்கையில் பஸ் தாமதமாக வர வேண்டும் என்று நான் நினைத்தது அன்றுதான்.

"அக்கா, கெடச்சிருச்சு! அந்தப் புள்ளயக் கூப்பிடுறாங்க. கூண்டுக்குள்ள போய் எடுங்க."

பூங்காவனம் கூண்டுக் கதவு வரை போய் நின்றாள்.

"தம்பி, நான் பேசுறப்ப நீங்க கேக்கக் கூடாது."

"அதெப்பிடிக்கா? பேசி முடிஞ்சுதான்னு நான் கேட்டாத்தானே..."

"கேட்டால்தான் தெரியுமா?" என்றேன் நான். "உண்மையைச் சொல்லுங்கள்."

அவர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இல்லங்க" என்றார் மெதுவாக. "வச்சுட்டா இந்தச் சின்ன லைட் எரியும். கேக்கணும்னு இல்ல."

இத்தனை வருடமும் கேட்க வேண்டிய தேவையே இருந்ததில்லை! எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை.

"அப்ப அதக் கழட்டுங்க" என்றாள் பூங்காவனம். அவர் ஹெட்போனைக் கழற்றினார். காதுகள் இரண்டும் சிவந்து, பாவமாக இருந்தன. "வெளிய வந்து நில்லுங்க. படிக்கட்டுல. எங் கண்ணுல படுற மாதிரி நில்லுங்க."

அவர் ஹெட்போனை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனார். நான் அவளுக்குத் துணையாகக் கூண்டருகே நகர்ந்தேன்.

"நீங்களும்தான் டீச்சர்."

எனக்குச் சுருக்கென்றது. வாக்குக் கொடுத்தவள் நான், கூட்டத்தை விட்டு வந்தவள் நான், பூண்டு மூட்டையில் உட்கார்ந்து வந்தவளும் நான். ஆனாலும் போனேன். படிக்கட்டில் பனிக்குள் நானும் லூர்துசாமியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். கண்ணாடி வழியாகப் பூங்காவனம் தெரிந்தாள். முதலில் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள், உதடு அசையவில்லை. பிறகு பேசினாள். ஒரு முறை நெற்றியைக் கூண்டின் மரச் சுவரில் வைத்துக்கொண்டாள். ஒரு முறை சிரித்த மாதிரி இருந்தது. உள்ளே பலகையில் மற்ற அழைப்புகளைக் காட்டும் சின்னத் தகடுகள் எல்லாம் விழுந்து கிடந்தன. அவற்றில் ஒன்று எங்கள் விடுதியுடையது என்று லூர்துசாமி சொன்னார். பேராசிரியராகத்தான் இருக்கும். காத்திருக்கட்டும் என்றேன்.

"அது கையை ஆட்டுச்சே மேடம், வேணாம்னா, வான்னா?" என்று லூர்துசாமி கிசுகிசுத்தார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அதையேதான் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்ன விளக்கு எரிந்தது. பூங்காவனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். லூர்துசாமி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நான் அவ்வளவுகூடப் பொறுக்கவில்லை. "என்ன சொன்னீங்க?" என்றேன்.

"அது எனக்கும் எம் மகளுக்கும் உள்ள பேச்சு டீச்சர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. "வாங்க, ராத்திரிச் சமையலுக்கு நேரமாச்சு. இன்னிக்கு அவிச்ச கோசு இல்ல. ரசம் வைக்கப் போறேன். யாரு என்ன சொன்னாலும் சரி."

ரசம் வைத்தாள். வெளிநாட்டுப் பிரதிநிதிகள் மூன்று முறை வாங்கிக் குடித்தார்கள். பேராசிரியருக்கு டெல்லி கிடைக்காமல் போன கோபத்தில் அவர் என்னோடு பேசவில்லை. அறிக்கையின் தமிழாக்கம் நடக்கவே இல்லை.

மறுநாள் வெள்ளனே கிளம்ப வேன் தயாராக நின்றது. நான் சமையலறைக்குப் போய் விடை பெற்றேன். பூங்காவனம் ரொட்டியும் சம்பலும் வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள். இன்னொரு முறை கேட்கலாம் என்று நாக்கின் நுனி வரை வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். நான் கேட்கவில்லை.

வாசலில் இறங்கும்போது வார்டன் கூப்பிட்டார். எனக்குத் தொலைபேசி. தங்கையோ என்று ஓடினேன்.

"மேடம், லூர்துசாமி. போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த. அக்கா உங்ககிட்டயாச்சும் சொல்லுச்சா?"

"இல்லை."

"ராத்திரி பூராத் தூக்கம் இல்ல மேடம்" என்றார். "இந்த ஊர்ல எனக்குத் தெரியாத சங்கதி இது ஒண்ணுதான்."

"இருக்கட்டும்" என்று ரிசீவரை வைத்தேன். எனக்கும்தான் தூக்கம் இல்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.